கோலிக்குண்டு போட்ட பாட்டில்கள்

நான் குடியிருந்த மாடி வீட்டுக்கு இரண்டு சாவிகள். ஒன்று என்னிடம், இன்னொன்று கீழே வீட்டுக்கார அக்காவிடம். வீடு பார்க்க வந்த அன்றே அவர் அதைச் சொல்லிவிட்டார். மொட்டை மாடிக்குப் போகும் படி என் பின்னறைக்குள் இருந்துதான் ஏறுகிறது. தண்ணீர்த் தொட்டியைப் பார்க்க, வால்வைத் திறக்க, அவரோ அவர் கணவரோ வந்து போக வேண்டியிருக்கும். எனக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் சங்கரன்கோவிலில் தனியாக இருக்கும் பெண்ணுக்கு வீடு கிடைப்பதற்குள் ஏழு வாசல்களில் நின்று ஒரே கேள்விக்குப் பதில் சொல்லியிருந்தேன். சார் எங்க இருக்காங்க? இந்த அக்கா மட்டும் அதைக் கேட்கவில்லை. கேட்காததே எனக்குச் சந்தேகமாக இருந்தது. யாரோ ஏற்கெனவே சொல்லி வைத்திருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

பனவடலிசத்திரம் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் நான் இயற்பியல் ஆசிரியை. கணவரை விட்டு வந்து அப்போது ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. அவரோடு இருந்த ஒன்பது வருடங்களும் தினம் இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் என் போனை அவர் கையில் கொடுக்க வேண்டும். கத்த மாட்டார், கை ஓங்க மாட்டார். போனில் இருக்கும் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்ப்பார். இது யார் எடுத்தது, பின்னால் நிற்பது யார் என்று நிதானமாகக் கேட்பார். ஒரு மரத்தைப் படம் எடுத்திருந்தால் அந்த மரம் எந்தத் தெருவில் இருக்கிறது, அந்தத் தெருவில் எனக்கு என்ன வேலை என்பது வரைக்கும் போகும்.

அவரை விட்டு வந்ததும் ஒரு கோடை விடுமுறை முழுக்கச் சென்னையில் கல்லூரித் தோழி ஒருத்தியின் வீட்டில் இருந்தேன். அவள் பிலிமில் கறுப்பு வெள்ளைப் படம் எடுப்பவள். எடுத்ததைத் தானே கழுவி, தானே பிரிண்ட் போடுவாள். பிலிமில் எடுத்த படத்தை அதைக் கழுவும் வரை யாராலும் பார்க்க முடியாது, எடுத்தவளால்கூட முடியாது என்பது எனக்கு மெதுவாகத்தான் உறைத்தது. உறைத்த அன்றே எனக்கும் ஒரு கேமரா வாங்கித் தரச் சொன்னேன்.

சங்கரன்கோவில் வீட்டில் பின்னறையை ஒட்டிச் சன்னல் இல்லாத ஒரு சின்னக் குளியலறை இருந்தது. கதவிடுக்குகளில் கறுப்பு சார்ட் பேப்பர் ஒட்டி, உள்ளே பிரிண்ட் போடும்போது எரிய ஒரு சிவப்பு பல்பு மாட்டி, அதை இருட்டறை ஆக்கிக்கொண்டேன். முக்கியமான மருந்துகள் இரண்டு. பிலிமில் மறைந்திருக்கும் படத்தை வெளியே கொண்டுவருவது டெவலப்பர். வந்த படத்தை அப்படியே நிற்க வைப்பது ஃபிக்ஸர். ஃபிக்ஸர் புளித்த வாடை அடிக்குமே தவிர கொஞ்சம் முரடு, எளிதில் கெடாது. டெவலப்பர் அப்படி இல்லை. காற்று பட்டால் போதும், தண்ணீர் போல் இருந்தது மெல்ல மெல்லப் பழுப்பாகி வேலை செய்வதை நிறுத்திவிடும். வெயில் காலத்து வெக்கையில் இன்னும் சீக்கிரம். இதையெல்லாம் நான் புத்தகத்தில் படித்திருந்தேன். படித்துவிட்டு, வந்த புதிதில் ஒரு லிட்டர் டெவலப்பரைக் கரைத்து, இரண்டு லிட்டர் கோலா பாட்டிலில் ஊற்றி, வெளிச்சம் படக்கூடாது என்று அதைச் சுற்றிக் கறுப்புத் தாள் ஒட்டி, குளியலறை மேடையில் வைத்தேன். பாதிப் பாட்டிலுக்குக் காற்றுதான் இருந்தது. அது எனக்குத் தப்பாகத் தெரியவில்லை.

ஆடித்தபசுத் திருவிழாவுக்குக் கொடியேறியதும் ஊரே கோயிலைச் சுற்ற ஆரம்பித்தது. வேண்டிக்கொண்டவர்கள் விடிந்தும் விடியாமலும் வந்து நூற்றுக்கணக்கில் ஆடிச் சுற்று சுற்றுவார்கள். நான் ஒரு ஓரமாகத் தரையில் உட்கார்ந்து அவர்களுடைய கால்களை மட்டும் படம் எடுத்தேன். மெட்டி போட்ட கால், வெடித்த குதிகால், பிள்ளையைத் தோளில் வைத்திருப்பதால் பாரத்தோடு விழும் கால். மூன்று நாள், முப்பத்தாறு படம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் பிலிமைக் கழுவி வெளியே எடுத்தேன். கண்ணாடி போல இருந்தது. ஒரு கால்கூட இல்லை.

தோழிக்குப் போன் செய்தேன். பிலிமின் ஓரத்தில் கம்பெனிக்காரன் அடித்திருக்கும் நம்பராவது தெரிகிறதா என்று கேட்டாள். இல்லை. அப்படியென்றால் கேமராவில் குற்றமில்லை, டெவலப்பர் செத்துப்போய்விட்டது என்றாள். கறுப்புத் தாளைக் கிழித்துப் பார்த்தேன். உள்ளே இருந்தது கோலாவேதான் என்று யாரும் சத்தியம் செய்வார்கள், அந்த நிறத்தில் இருந்தது. காற்று போயிருக்கு, அடிக்கடி திறந்தியா என்று கேட்டாள். நான் ஒரே ஒரு தடவைதான் திறந்திருந்தேன்.

போனை வைத்துவிட்டுத் திரும்பும்போது குளியலறை வாசலில் ஒரு பிச்சிப்பூ கிடந்ததைப் பார்த்தேன். வாடிய பூ, நேற்றையது. நான் பூ வைப்பதில்லை. வீட்டுக்கார அக்கா ஒருநாளும் பூ வைக்காமல் இருந்ததில்லை. அவர் தலையில் எப்போதும் பிச்சிதான்.

அந்தப் பூவை ஒரு தாளில் மடித்து மேசை டிராயரில் வைத்தேன். எதற்கு வைத்தேன் என்று இப்போது யோசித்தால் கூச்சமாக இருக்கிறது. சாட்சிக்குத்தான்.

அந்த அக்காவுக்கு ஐம்பது வயது இருக்கும். அவர் கணவரை அண்ணாச்சி என்று கூப்பிடுவேன். வீட்டுக்குப் பின்னால் நாலு விசைத்தறி வைத்திருந்தார். தறி ஓடும் சத்தத்தில் மாடியில் நடப்பது எதுவும் கீழே கேட்காது, கீழே நடப்பதும் மேலே கேட்காது. கரண்ட் போனால் மட்டும் எல்லாம் சட்டென்று அடங்கி, அக்கா அடுப்படியில் கரண்டி வைக்கும் சத்தம்கூடக் கேட்கும். பிள்ளைகள் இருவருக்கும் வெளியூரில் வேலை. எப்போதாவது அக்கா குழம்பு வைத்த கிண்ணத்தைப் படியில் வைத்துவிட்டு, டீச்சர், வச்சிருக்கேன் என்று ஒரு குரல் கொடுத்துவிட்டுப் போவார். நின்று பேச மாட்டார். ஆனால் நான் பஸ்ஸுக்குப் போகும்போதும் வரும்போதும் வாசலில் நின்று, என் முகத்தையும் கையில் இருக்கும் பையையும் பார்ப்பார்.

தோழி சொன்னபடி இந்த முறை ஒழுங்காகச் செய்ய முடிவெடுத்தேன். மெல்லிசான பிளாஸ்டிக் வேண்டாம், அதன் வழியாகவே காற்று போகும், பழுப்புக் கண்ணாடிப் பாட்டில்தான் நல்லது என்றிருந்தாள். பெரிய பாட்டில் ஒன்றில் வைக்காமல் சின்னச் சின்னதாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் கழுத்து வரை நிரப்பி வைக்க வேண்டும். அப்போது ஒரு தடவைக்கு ஒன்றைத் திறந்தால் மற்றவை காற்றுப் படாமல் இருக்கும். பாதி காலியான பாட்டிலில் கோலிக்குண்டு போட்டு மட்டத்தை மேலே ஏற்ற வேண்டும். கரைப்பதற்கு போர்வெல் தண்ணீர் ஆகாது. பாட்டில் மேல் தேதி எழுத வேண்டும்.

பஸ் நிலையத்துக்குப் பக்கத்து மருந்துக் கடையில் காலி டானிக் பாட்டில் கேட்டேன். கடைக்காரர் எதற்கு என்றார். பள்ளிக்கூடத்துக்கு என்றேன். பேட்டரிக் கடையில் பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீர் ஐந்து லிட்டர் கேட்டேன். என்ன வண்டி என்றார். வண்டி இல்லை என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு உள்ளே போய் எடுத்து வந்தார். ஃபேன்சி ஸ்டோரில் கோலிக்குண்டு மட்டும்தான் கேள்வி இல்லாமல் கிடைத்தது. டீச்சர் என்பதால் பிள்ளைகளுக்கு என்று அவர்களே நினைத்துக்கொண்டார்கள்.

டெவலப்பர் பவுடர் சென்னையிலிருந்து கூரியரில் வந்தது. நான் பள்ளியில் இருந்ததால் அக்கா வாங்கி வைத்திருந்தார். மாலையில் கொடுக்கும்போது பெட்டியைத் திருப்பி, அதன் மேல் ஒட்டியிருந்த அடையாளத்தைக் காட்டினார்.

"டீச்சர், இதுல செத்த மீனும் பட்ட மரமும் போட்டிருக்கு. என்னது இது?"

"ஸ்கூல் லேபுக்கு வந்ததுக்கா."

"ஸ்கூல் சாமான் ஸ்கூலுக்குல்லா வரும்?"

நான் சிரித்து மழுப்பிவிட்டு மேலே போய்விட்டேன். உண்மையைச் சொல்வதில் எந்தச் சிரமமும் இல்லை. படம் கழுவுகிற மருந்து என்று மூன்று வார்த்தையில் முடிந்திருக்கும். ஆனால் யார் எதைக் கேட்டாலும் ஏதாவது ஒரு பொய்யைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவது எனக்கு ஒன்பது வருடப் பழக்கம்.

அதற்கடுத்த வாரம் அண்ணாச்சி படியில் நின்று, ரொம்பத் தயங்கி, அந்தச் சிவப்பு பல்பைப் பற்றி விசாரித்தார். பின்னறைக் கதவு திறந்திருந்தபோது எதிர்வீட்டு மாடியில் இருந்து பார்த்தார்களாம், என்னமோ கேட்டார்களாம். எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. கண் வலி, வெள்ளை வெளிச்சம் ஆகாது என்று சொன்னேன். அவர் பாவம், அதை நம்பி, கண்ணுக்குத் தென்காசியில் நல்ல டாக்டர் இருப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார். அக்காதான் அவரை அனுப்பியிருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

பழுப்புப் பாட்டில்கள் எட்டும் இருட்டறை மேடைக்கு அடியில் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றிலும் தாள் ஒட்டி, என்ன மருந்து, என்று கரைத்தது, எத்தனை கோலிக்குண்டு என்று எழுதினேன். பிறகு மூடிக்கும் கழுத்துக்கும் குறுக்காகக் கறுப்பு நூலில் ஒரு துண்டைப் பசை வைத்து ஒட்டினேன். மூடியைத் திருகினால் நூல் அறும். திரவத்தின் மட்டத்தைப் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டேன். தினமும் பள்ளி விட்டு வந்ததும் செருப்பைக் கழற்றும் முன்பே அதைத்தான் பார்ப்பேன். அறையில் பூ வாசனை இருக்கிறதா என்று மூச்சை இழுத்துப் பார்ப்பேன்.

பத்து நாள் ஒன்றும் நடக்கவில்லை. பதினோராவது நாள் இரண்டு பாட்டில்களில் நூல் அறுந்திருந்தது.

ஆனால் மட்டம் அப்படியேதான் இருந்தது, பென்சில் கோட்டில் கச்சிதமாக. நூல் பசை காய்ந்து தானாக விட்டிருக்கலாம் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். அந்தச் சனிக்கிழமை இளையரசனேந்தல் பக்கம் பஸ்ஸில் போய், மழைக்குக் காத்துக்கிடந்த கரிசல் நிலத்தை ஒரு பிலிம் எடுத்து வந்தேன். ஞாயிறு மதியம் நூல் அறுந்த பாட்டில்களில் ஒன்றைத் திறந்து கழுவினேன். இந்த முறை பிலிம் வெறுமையாக இல்லை. ஆனால் எல்லாம் மங்கல். புகையை மெல்லிசாகத் தடவியது போல் இருந்தது. கரைத்து மூன்று வாரம்கூட ஆகாத, கழுத்து வரை நிறைந்த பாட்டில். நிறமும் மாறவில்லை, பளிங்கு போல் இருந்தது. பிறகு எப்படி வலு குறையும்?

அந்தப் பாட்டிலின் மீதியைக் கண்ணாடிக் குடுவையில் கொட்டிக் கோலிக்குண்டுகளை எண்ணினேன். தாளில் பதினொன்று என்று எழுதியிருந்தது. பத்துதான் இருந்தன.

இரண்டு தடவை எண்ணினேன். ஒரு கோலிக்குண்டு குறைந்தால் மட்டம் கீழே இறங்க வேண்டும். நானே வருடா வருடம் பிள்ளைகளுக்கு நடத்துகிற பாடம். மட்டம் இறங்கவில்லை என்றால் யாரோ ஏதோ ஊற்றியிருக்கிறார்கள். மருந்தைக் கொட்டியபோது ஒரு குண்டு உருண்டு ஓடியிருக்கிறது, அவர்களுக்கு அது கிடைக்கவில்லை, அதன் இடத்தையும் சேர்த்துத் தண்ணீரால் நிரப்பிக் கோட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். தரையில் படுத்து டார்ச் அடித்துப் பார்த்தேன். தண்ணீர் போகும் ஓட்டைக்குப் பின்னால், மூலை இடுக்கில் அந்தக் குண்டு நின்றுகொண்டிருந்தது.

பயந்தேனா, சந்தோஷப்பட்டேனா என்று சொல்லத் தெரியவில்லை. என் சந்தேகம் சரி என்றாகிவிட்டதில் ஒரு திருப்தி இருந்தது, அது நிச்சயம். ஆனால் எதற்காக? என் பிலிமைக் கெடுப்பதில் அந்த அம்மாளுக்கு என்ன லாபம்? என் கணவர் யார் மூலமாகவோ இவர்களிடம் பேசியிருப்பாரோ என்றுகூட யோசனை ஓடியது. வீட்டைக் காலி செய்ய வைக்க இது ஒரு வழியோ என்றும் நினைத்தேன். கேட்கவில்லை. கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும் என்று இருந்தேன்.

ஒரு புதன்கிழமை மதியத்துக்கு மேல் அரை நாள் லீவு போட்டுவிட்டு, யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறினேன். தெரு முனையிலேயே இறங்கி நடந்து வந்தேன். தறி ஓடிக்கொண்டிருந்தது. கீழ்வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு படியேறினேன். என் வீட்டுப் பூட்டு திறந்து கொண்டியில் தொங்கியது.

அக்கா இருட்டறைக்குள் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். சேலையை முழங்கால் வரை செருகியிருந்தார். மடியில் ஒரு பாட்டில், பக்கத்தில் ஒரு செம்புத் தண்ணீர், எண்ணெய் ஊற்றும் புனல். பாட்டிலில் இருந்ததைப் பாதிக்குமேல் ஓட்டையில் கொட்டிவிட்டு, புனலை வைத்துத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். பென்சில் கோடு தெரிவதற்காகப் பாட்டிலைக் கதவு வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்திருந்தார்.

நான் நிற்பதைப் பார்த்தும் அவர் பதறவில்லை. ஊற்றி முடித்து, மூடியைத் திருகி, பாட்டிலை வரிசையில் வைத்தார்.

"என்ன செய்றீங்க இங்க?" என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. இத்தனை வாரமாகச் சேர்த்து வைத்த எல்லாவற்றையும் கொட்டினேன். பூட்டைத் திறந்து அடுத்தவர் வீட்டுக்குள் வருவது, பொருளைத் தொடுவது, அதைக் கெடுப்பது. போலீஸுக்குப் போவேன் என்றேன். யார் சொல்லி இதைச் செய்கிறீர்கள் என்றும் கேட்டேன்.

அவர் எழுந்திருக்கவே இல்லை. நான் சொல்லி முடிக்கும் வரை கேட்டார்.

"போலீஸுக்குப் போ. போயி இந்தப் பாட்டிலையும் கொண்டு காட்டு. புருஷன விட்டுட்டுத் தனியா வந்து கெடக்க. ஒரு ஆளு வாரதில்ல, போறதில்ல. செத்த மீன் படம் போட்டு மருந்து வந்து எறங்குது. கேட்டா ஸ்கூலுக்குங்க, கண்ணு வலிங்க. நான் என்னன்னுட்டி நெனைக்க?"

அதுவரை அவர் என்னை டீச்சர் என்றும் நீங்கள் என்றும்தான் சொல்லியிருந்தார்.

எனக்கு உடனே புரியவில்லை. என்ன நினைத்தீர்கள் என்று கேட்டேன். அவர் பாட்டில்களைப் பார்த்துக்கொண்டே, தனக்கு ஒரு தங்கை இருந்ததைச் சொன்னார். வாசுதேவநல்லூர்ப் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தார்களாம். வாழாமல் திரும்பி வந்து இதே மாடியில்தான் எட்டு மாதம் இருந்தாளாம். பருத்திக்கு அடிக்க வாங்கிய மருந்து என்று ஒரு பாட்டில் அவள் அறையில் இருந்திருக்கிறது. இவர் அதைப் பார்த்தும் இருக்கிறார். தங்கைக்கு நிலம் எதுவும் கிடையாது.

"கேட்டேன். ஏட்டி, இது எதுக்குன்னு கேட்டேன். ஒண்ணுமில்லக்கா, பக்கத்துத் தோட்டத்துக்காரி வைக்கச் சொன்னான்னா. சரின்னு கீழ எறங்கிப் போயிட்டேன்."

 கீழே தறி ஓடிக்கொண்டே இருந்தது.

நானும் வாசற்படியில் உட்கார்ந்தேன். எடுத்து வெளியே எறிந்திருக்கலாமே, ஏன் தண்ணீர் ஊற்றினீர்கள் என்று கேட்டேன். எறிந்தால் நான் வேறு வாங்குவேன், அதை அவர் கண்ணில் படாத இடத்தில் வைப்பேன் என்றார். இங்கேயே இருந்து, வீரியம் மட்டும் இல்லாமல் போனால் யாருக்கும் தெரியாது. வாரத்துக்கு இரண்டு பாட்டிலாக, கோடு மாறாமல் பார்த்து ஊற்றியிருக்கிறார். கோலிக்குண்டு எதற்கு என்று மட்டும் அவருக்கு விளங்கவில்லையாம். ஒன்று ஓடிப்போனதில் எனக்குத் தெரிந்துவிடுமோ என்று பயந்தாராம்.

அப்போது ஆடி மாதம் கெட்டுப்போன கோலா பாட்டிலைப் பற்றிக் கேட்டேன். பிச்சிப்பூவைப் பற்றியும் சொன்னேன். அவர் சத்தியம் செய்யாத குறையாக மறுத்தார். அன்று தொட்டி நிரம்பி வழிந்ததால் மாடிக்குப் போனாராம், இந்த அறைப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லையாம். நான் குப்பைத் தொட்டியில் போட்ட அந்தக் காலிப் பாட்டிலை, அடியில் கறுப்பாக ஒட்டியிருந்த மிச்சத்தோடு, வெளியே பார்த்த பிறகுதான் அவருக்குச் சந்தேகமே வந்திருக்கிறது. அதை மோந்தும் பார்த்திருக்கிறார்.

ஆக, ஆடிச் சுற்றின் கால்களை அழித்தது யாரும் இல்லை. காற்றும் வெயிலும் என் அரைகுறை அறிவும்தான். தோழி அன்றே போனில் சொன்னாள், காற்று போயிருக்கு என்று. யாரோ திறந்திருக்கிறார்கள் என்றுதான் என் காதில் விழுந்தது.

எனக்கு இருந்த ஒரே வழி காட்டுவதுதான். வெளிச்சம் பட்டு வீணான ஒரு பிலிம் துண்டை எடுத்தேன். அவர் தொடாத பாட்டில் இன்னும் இரண்டு இருந்தன. ஒன்றைத் திறந்து கிண்ணத்தில் ஊற்றி, துண்டைப் போட்டேன். அவர் குனிந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது சாம்பலாகி, சில நிமிடத்தில் கரிக் கறுப்பானது. அவர் தண்ணீர் ஊற்றியதில் இன்னொரு துண்டைப் போட்டேன். அது வெகுநேரம் சாம்பல் நிறத்திலேயே நின்றது. மூன்றாவது துண்டை ஃபிக்ஸரில் போட்டதும் பால் போல் இருந்தது மெல்லத் தெளிந்து கண்ணாடியானது. போட்டோ கழுவுகிற மருந்து, வேறு ஒன்றும் இல்லை என்றேன்.

"சரி. இதக் குடிச்சா என்ன ஆகும்?"

இந்த முறை நான் பொய் சொல்லவில்லை. குடிக்கக் கூடாது, உடம்புக்குக் கெடுதல் என்றேன். சொல்லும்போதே, இதே மருந்தை இரண்டு மாதம் கோலா பாட்டிலில் வைத்திருந்தது நினைவுக்கு வந்தது. தொட்டியைப் பார்க்க மாடிக்கு வரும் அண்ணாச்சிக்குத் தாகம் எடுத்திருந்தால்? கறுப்புத் தாளைக் கொஞ்சம் விலக்கினால் மேலே கோலா என்றுதான் எழுதியிருந்தது.

அக்கா எழுந்து சேலையை உதறினார். அந்த விளக்கம் அவருக்குப் போதவில்லை என்று முகத்தில் தெரிந்தது. மறுநாள் மாலை, நான் வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் மேலே வந்து ஒரு யோசனை சொன்னார். கீழே மாடிப்படிக்கு அடியில் ஒரு அறை இருக்கிறது, வெயிலே படாது, தரை சில்லென்று இருக்கும், முன்பு நூல் கட்டு வைக்கப் பயன்பட்டது. அதற்குள் ஒரு பூட்டுப் போட்ட அலமாரி உண்டு. மருந்தெல்லாம் அங்கன இருக்கட்டும். வேண்டியபோது கேள், எடுத்துத் தருகிறேன் என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. கேட்டு வாங்க வேண்டும். எதற்கு, எப்போது, எவ்வளவு என்று ஒருவர் கையைப் பார்த்து நிற்க வேண்டும். போனை நீட்டிக்கொண்டு சாப்பாட்டு மேசை முன்னால் நின்ற நாட்களை நான் அவரிடம் சொன்னதில்லை. இரண்டு நாள் பதில் சொல்லாமல் இழுத்தேன். அந்த இரண்டு நாளில் இன்னொன்றையும் யோசித்தேன். இத்தனை வாரமாக நூல் ஒட்டி, கோடு போட்டு, பூவை மடித்து வைத்து, மூச்சை இழுத்து மோந்து பார்த்தவள் நான். என் கணவருக்கு அந்த வேலை எப்படிச் செய்ய வந்தது என்று ஒன்பது வருடம் ஆச்சரியப்பட்டிருக்கிறேன். எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

மூன்றாவது நாள் கீழே போனேன். அலமாரிக்கு இரண்டு சாவி, ஆளுக்கொன்று, நான் எடுக்கும்போது உங்களிடம் சொல்லிவிட்டு எடுக்கிறேன், கேட்டு எடுக்க மாட்டேன் என்றேன். அவர் வித்தியாசம் என்ன என்பது போலப் பார்த்தார். பிறகு, சரி, சொல்லு, அது போதும் என்றார். அன்றைக்கே அவருக்கு என் கணவரைப் பற்றிக் கொஞ்சம் சொன்னேன். முழுக்க இல்லை. பூண்டை உரித்துக்கொண்டே கேட்டுவிட்டு, இருந்து சாப்பிட்டுப் போ என்றார்.

தண்ணீர் கலந்த பாட்டில்களைக் கொட்டிவிட்டு ஐப்பசியில் புதிதாகக் கரைத்தேன். அக்காவும் பக்கத்தில் நின்றார். எல்லாப் பாட்டிலிலும் குடிக்கக் கூடாது என்று சிவப்பு மையில் பெரிதாகத் தமிழில் எழுதச் சொன்னார். எழுத்துச் சின்னதாக இருக்கிறது என்று இரண்டு தாள்களை மாற்றி எழுத வைத்தார். படிக்கு அடியில் இருந்த அந்த அறை மாடியைவிட எவ்வளவோ குளிர்ச்சி. நிறைந்த பாட்டிலில், பழுப்புக் கண்ணாடியில், அந்தக் குளிர்ந்த தரையில் இருந்த டெவலப்பர் பங்குனி வரை தாங்கியது. கடைசிப் பாட்டிலைத் திறந்தபோதும் தண்ணீரில் ஒரு துளி வெல்லம் கரைத்த நிறம்தான், அதற்கு மேல் இல்லை. ஒவ்வொரு தடவையும் ஒரு பிலிம் துண்டைப் போட்டுப் பார்த்த பிறகே வேலையை ஆரம்பிப்பேன். அக்கா மாடிப்படியில் உட்கார்ந்திருப்பார். முதலில் காவலுக்குத்தான் உட்கார்ந்தார். நான் உள்ளே இருக்கும்போது நடுநடுவே, ஏட்டி, இருக்கியா என்று கேட்பார். இருக்கேன் என்பேன். நான் கழுவி எடுத்த படங்களை அவர் பெரிதாக ரசித்ததில்லை. கரிசல் நிலத்தைப் பார்த்துவிட்டு, இதப் போயி யாராச்சும் எடுப்பாங்களா என்றார்.

அவருடைய சந்தேகம் தீர்ந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். கடைக்குப் போய் பினாயில் வாங்கி வந்தாலும் பையைத் தூக்கிப் பார்ப்பார். போன சித்திரையில், வெயில் தாங்காமல், தேரடிப் பக்கம் ஒரு கடையில் நன்னாரி சர்பத் பாட்டில் ஒன்று வாங்கி வந்தேன். கண்ணாடிப் பாட்டில், உள்ளே நல்ல பழுப்பு. வாசலிலேயே என் கையில் இருந்து வாங்கினார். மூடியைத் திறந்து மோந்தார். உள்ளே போய் இரண்டு தம்ளரில் கலக்கி எடுத்து வந்து, என்னிடம் ஒன்றை நீட்டிவிட்டு, இரு என்று கையைக் காட்டினார். தன் தம்ளரை ஒரே மூச்சில் குடித்தார். கொஞ்ச நேரம் நின்றார். எலுமிச்சம்பழம் பிழிஞ்சிருக்கலாம் என்றார். அதன் பிறகு நான் குடித்தேன்.